சான்றிதழ் வேண்டாம், சாதகம் வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் மூன்று பேர் ஒரே செய்தியை அனுப்பியிருக்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கிருஷ்ண பக்தர் ஆனாராம். "வெள்ளைக்காரனுக்கே நம்ம அருமை தெரிஞ்சிருக்கு" என்று கீழே ஒரு வரி. இதைப் பற்றி என் பழைய மாணவர் ஒருவரிடம் பேசியபோது, "காசும் புகழும் அலுத்துப்போன பணக்காரனோட பொழுதுபோக்கு சார்" என்றார். இரண்டு தரப்புமே அந்த மனிதரைச் சரியாகப் பார்க்கவில்லை.

முதலில் மாணவருக்கு. தம்பி, பொழுதுபோக்கு எத்தனை நாள் தாங்கும்? 1966 செப்டம்பரில் ஹாரிசன் பம்பாய் வந்து ரவிசங்கரிடம் சிதார் கற்றார். அப்போது அவருக்கு வயது 23. உலகமே அவர் பின்னால் ஓடிய நேரம். அந்த நேரத்தில் தரையில் கால் மடித்து உட்கார்ந்து, சிதாரை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்கினார். 1969இல் லண்டன் ராதா கிருஷ்ணா கோவில் பக்தர்களை வைத்து ஹரே கிருஷ்ண மந்திரத்தை இசைத்தட்டாக்கினார். 1970இல் வந்த 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டில் கிறிஸ்தவத் துதியையும் கிருஷ்ண நாமத்தையும் ஒன்றாகப் பாட வைத்தார். 1973இல் லண்டனுக்கு வெளியே ஒரு பெரிய மாளிகையை வாங்கிக் கிருஷ்ண பக்தர்களுக்குக் கொடுத்தார். இன்றும் அது கோவிலாக இருக்கிறது. 2001இல் இறக்கும்வரை அந்தப் பற்று விடவில்லை. 35 ஆண்டு! இதைப் பொழுதுபோக்கு என்றால் தவம் என்று எதைச் சொல்வாய்?

பக்தி அவரைக் கண்மூடி உட்காரவும் வைக்கவில்லை. 1971இல் வங்கதேச அகதிகளின் துயரத்தை ரவிசங்கர் சொன்னதும், சில வாரங்களிலேயே ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க்கில் ஒரே நாளில் இரண்டு கச்சேரி நடத்தி நிதி திரட்டினார்.

இனி உறவுகளுக்கு. அவர் மகான் அல்ல. பெரிய மாளிகையில் வாழ்ந்தார், கார் பந்தயப் பித்து உண்டு. அதே 'மை ஸ்வீட் லார்ட்' மெட்டு வேறொரு பாட்டிலிருந்து தன்னையறியாமல் எடுத்தது என்று 1976இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே அவர் படத்துக்கு மாலை போட வேண்டாம். நம் மரபுக்குச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரியாகவும் ஆக்க வேண்டாம். இங்கிலாந்துக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் நம் இசை உயர்ந்தது என்றால், அது பெருமையா, தாழ்வு மனப்பான்மையா?

அவர் சான்றிதழ் கொடுக்க வரவில்லை, பாடம் கேட்க வந்தார். சில ஆண்டு உழைத்தபின், சிதாரில் தன்னால் உயர்ந்த இடத்தை எட்ட முடியாது என்று உணர்ந்து கிட்டாருக்கே திரும்பினார். அந்த இசை எவ்வளவு ஆழம் என்று தெரிந்தவர்தான் அப்படித் திரும்ப முடியும். குருவை மட்டும் விடவில்லை. 1997இல் வெளிவந்த 'சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்ற ரவிசங்கரின் மந்திர இசைத் தொகுப்பைத் தயாரித்தவர் ஹாரிசன்தான். அதில் ஒரு பகுதி பதிவானது நம் சென்னையில். அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டிருக்கிறீர்கள்?

நம் வீடுகளைப் பாருங்கள். பிள்ளை தேவாரம் கற்கப் போகிறேன் என்றால், "பத்தாவது முடியட்டும்" என்கிறோம். பத்து முடிந்தால் பன்னிரண்டு, அப்புறம் நீட். கோவிலில் ஓதுவார் பாடும்போது நாம் பிரசாத வரிசையில் நிற்கிறோம். வீட்டுக்கு வந்து, வெள்ளைக்காரர் பக்தரான கதையைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம்.

அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால், அனுப்பும் முன் ஒரு பதிகத்தையோ ஒரு கீர்த்தனையையோ முழுதாகக் கேளுங்கள். முடிந்தால் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். வயதாகிவிட்டது என்று சொல்லாதீர்கள். அறுபதைத் தாண்டிய நான் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வகுப்பில் கை தூக்கியவர்களை நான் என்றும் உட்காரச் சொன்னதில்லை.