உட்கருவில் ஒளிந்த பகை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986ஆம் ஆண்டு டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி டாக்டர் நிர்மலாவும் அதனை வெளிப்படுத்தினர்.

உயிரணுவை ஒரு வீடெனக் கொள்ளுங்கள். உட்கரு அதன் உள்ளறை, சைட்டோபிளாசம் முற்றம். இக்கிருமி உள்ளறை புகுந்து, நம் மரபுப் பொருளோடு தன்னுடையதையும் பிணைத்து விடுகின்றது. அங்கு உருவாகும் அதன் ஆர்.என்.ஏ.யை வெட்டிச் சீராக்காமல் வெளியே விட உயிரணு இசையாது. 'ரெவ்' என்னும் கிருமிப் புரதமோ, நம் உயிரணுவின் வாயிற்காவலரையே துணைக்கொண்டு அதனை முழுமையாக முற்றத்தில் சேர்த்துவிட்டு, அடுத்த சுமைக்காக உள்ளே திரும்புகின்றது. முற்றத்தில் புதிய கிருமிகள் உருவாகின்றன.

மாத்திரைகள் கிருமி பெருகுவதைத் தடுக்கும். உட்கருவில் பிணைந்ததை அகற்றா. ஆகவே, உடல் தேறிவிட்டதென்று அவற்றை நிறுத்தலாகாது. நிறுத்தினால் உறங்கிய பகை விழித்தெழும்.

அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் 2004 முதல் இச்சிகிச்சை இலவசம். கடலூரிலோ, சிதம்பரத்திலோ, பரங்கிப்பேட்டையிலோ உங்கள் உறவினர் எவரேனும் நாணத்தால் மாத்திரையை மறைத்து உண்பாராயின் அவரை ஒதுக்காதீர்கள். ஒரே சஹனில் உடன் அமர்த்தி உண்ணுங்கள். உணவால் இந்நோய் பரவுவதில்லை. நம் புறக்கணிப்பே அவரை மருந்திலிருந்து விலக்கும்.