வெட்கப்பட வேண்டியவர்கள் மாணவர்கள் அல்ல

2023 ஆகஸ்டில் ராஜஸ்தானின் கோட்டா மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. பயிற்சி மைய மாணவர்கள் தங்கும் விடுதிகளின் மின்விசிறிகளில் ஸ்பிரிங் கருவி பொருத்தப்பட வேண்டும் என்பதே அது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்ட நகரில், அரசு இயந்திரம் குற்றவாளியாகக் கண்டது மின்விசிறியை! அதே மாதத்தின் இறுதியில், பயிற்சி மையங்களில் நடக்கும் வழக்கமான தேர்வுகளையும் இரண்டு மாதங்களுக்கு நிறுத்திவைக்குமாறு அந்த நிர்வாகம் ஆணையிட்டது. அப்படியானால், பிள்ளைகளை நெருக்குவது எது என்பது ஆட்சியாளர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அதன்மீது நிரந்தரமாகக் கை வைக்க அவர்களுக்குத் துணிவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்துள்ளனர். அதே ஆண்டில் தற்கொலையால் மாண்டவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் தினக்கூலித் தொழிலாளர்கள். இவ்விரு எண்களையும் பிரித்துப் பார்க்க இயலாது. கூலிக்காரன் மகனும் சிறு விவசாயி மகளும் வறுமையிலிருந்து வெளியேற ஒரே கதவுதான் உண்டு என்று சொல்லப்படுகிறது. அந்தக் கதவின் அகலம் என்ன? 2024-இல் நீட் தேர்வு எழுதியோர் 23 லட்சத்துக்கும் அதிகம். எம்பிபிஎஸ் இடங்களோ சுமார் 1.1 லட்சம். அவற்றிலும் ஏறத்தாழப் பாதி, கட்டணம் எட்டாத தனியார் கல்லூரிகளில் உள்ளன. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் தோற்றே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஏற்பாட்டில், தோற்ற ஒவ்வொருவரிடமும் 'குறை உன்னிடம்தான்' என்று கூறப்படுகிறது. இந்த வணிகத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி வசூலிக்கும் ஒன்றிய அரசும் இதன் ஆதாயத்தில் பங்குதாரரே.

ஆண்டுதோறும் அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், அமைச்சர்கள் பதாகைகளுக்குக் கீழே நின்று 'மனம் திறந்து பேசுங்கள், தயக்கத்தை விடுங்கள்' என்று இளைஞர்களுக்கு அறிவுரை வழங்குகிறார்கள். தயக்கம் உண்மையே. மனநோய் என்றாலே 'பைத்தியம்' என்று ஏசும் வழக்கமும், பெண்ணின் திருமணம் தடைபடும் என்று அஞ்சி நோயை மறைக்கும் குடும்பங்களும் இன்றும் உள்ளன. இந்த இழிவை எதிர்த்துப் போராடுவது முற்போக்கு இயக்கத்தின் கடமை. ஆனால், இழிவை உற்பத்தி செய்வது மக்களின் அறியாமை மட்டும்தானா? மதிப்பெண் வாரியாக வகுப்புகளைப் பிரித்து, பின்தங்கியவரை எல்லோர் முன்னிலையிலும் கூனிக்குறுக வைப்பது யார்? முதலிடம் பெற்றவரின் படத்தை நகரெங்கும் ஒட்டி, மற்றவர்களை மதிப்பற்றவர்களாக்குவது யார்? ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலாவையும் (2016) மும்பையில் பாயல் தாட்வியையும் (2019) இழந்த அன்னையர் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டியது ஆலோசனை மையம் கேட்டு அல்ல. கல்வி வளாகங்களில் சாதியப் பாகுபாட்டைத் தடுக்கக் கோரியே. சாதி இழிவை அப்படியே விட்டுவிட்டு மனநோய் பற்றிய இழிவை மட்டும் துடைப்போம் என்பது ஏமாற்று.

சமூகத்தின் முயற்சி வீண் என்பதல்ல இதன் பொருள். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடத்தப்பட்ட 'செஹர்' ஆய்வின் முடிவுகள் 2018-இல் வெளியாயின. மனநல மருத்துவப் பட்டம் இல்லாத, ஆனால் இந்தப் பணிக்கென்றே அமர்த்தப்பட்டுப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் மாணவரிடையே மனச்சோர்வும் வன்முறையும் குறைந்தன; பள்ளிச் சூழல் மேம்பட்டது. அதே பணி ஆசிரியர்களின் தலையில் கூடுதலாகச் சுமத்தப்பட்ட பள்ளிகளிலோ பயன் ஏதும் விளையவில்லை. குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் 'ஆத்மீயதா' திட்டத்தின்கீழ் கிராமத்தினரே பயிற்சி பெற்று, துயருற்றோரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். தேவைப்படுவோரை மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அரசு நலத்திட்டங்களைப் பெறவும் உதவுகிறார்கள். ஓய்வூதியமும் உதவித்தொகையும் கூட மனத்தின் மருந்துதான் என்பதை அக்கிராமத்து மக்கள் உணர்ந்துள்ளனர், ஆட்சியாளர்கள் உணரவில்லை.

நாலந்தா கற்பிக்கும் பாடம் எளியது: அக்கறைக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு ஊதியம் வேண்டும். அரசு செய்வதோ நேர்மாறு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசின் சேவையாக மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக அறிவித்தது. ஆனால் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் கூட இல்லை. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி 13 முதல் 17 வயதுடையோரில் 7.3 விழுக்காட்டினர் மனநலப் பாதிப்புக்கு ஆளானவர்கள். 2022-இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை (14416) தேவையானதே; அழைப்பவருக்குத் தயங்காமல் அந்த எண்ணைத் தர வேண்டும். ஆனால், தொலைபேசியின் மறுமுனைக் குரல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் காலிப் பணியிடத்தை நிரப்பிவிடாது. வீடு வீடாகச் செல்லும் ஆஷா ஊழியர்களைத் 'தன்னார்வலர்' என்று அழைத்து, ஊதியத்துக்குப் பதிலாக ஊக்கத்தொகையை வீசிவிட்டு, அவர்கள் தோளில் மேலும் ஒரு சுமையை ஏற்றுவதற்குப் பெயர் சமூகப் பங்கேற்பு அல்ல, உழைப்புச் சுரண்டல்.

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி மாணவி ஒருவர் இறந்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்குமான நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் இருக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் வகுப்புகளைப் பிரிப்பதும் பொதுவெளியில் அவமதிப்பதும் கூடாது என்பவை அவற்றில் சில. தீர்ப்பு தானாக நடைமுறைக்கு வராது. தத்தம் பகுதியின் பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம் ஒவ்வொன்றிலும் ஆலோசகர் உண்டா என்று மாணவர், வாலிபர், மாதர் அமைப்புகள் நேரில் சென்று கேட்க வேண்டும். இல்லையெனில் அதை வீதிக்குக் கொண்டுவர வேண்டும். தேர்வில் தவறிய பிள்ளையின் வீட்டுக்கு முடிவு வெளியான அன்றே சென்று அருகில் அமர வேண்டியவர்களும் அவர்களே.

நிரந்தரப் பணியிடங்கள், ஆஷா ஊழியர்களுக்கு முறையான ஊதியம், அரசுக் கல்லூரி இடங்களின் விரிவாக்கம், பயிற்சி வணிகத்துக்குக் கடிவாளம் ஆகிய இக்கோரிக்கைகள் இன்றி மனநலம் பற்றிப் பேசுவது வெறும் உபதேசம். தோற்றுப்போன பிள்ளை வெட்கப்படத் தேவையில்லை. அந்தப் பிள்ளையைத் தோற்கடித்தே வளரும் அமைப்பும், அதைக் காத்து நிற்கும் ஆட்சியாளர்களுமே வெட்கித் தலைகுனிய வேண்டும்.