பிறப்புத் தெரியாத வண்டிக்கும் ஓர் இலக்கத்தகடு

லண்டனில் இருக்கும் என் அக்காவின் மகன் தன் வீட்டுக் கார்க் கொட்டகைக்குள் ஒரு கார் செய்துகொண்டிருக்கிறான். வாங்கித் திருத்தவில்லை, செய்கிறான். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையில்லாத, நிலத்தோடு பதிந்த பந்தயக் கார் மாதிரி ஒன்று. ஒரு விரல் அகலமுள்ள சதுர இரும்புக் குழாய்களை வெட்டி ஒட்டி ஒரு கூடு செய்திருக்கிறான். எஞ்சினும் கியர்பொக்ஸும் பழைய ஃபோர்ட் ஒன்றிலிருந்து கழற்றியவை. மூக்குப் பகுதியும் சில்லு மூடிகளும் கண்ணாடி நாரில் செய்து பெட்டியில் வந்தவை. மாதத்துக்கு ஒரு காணொளி அனுப்புவான். கடைசியாக அனுப்பியதில் ஒரு மூட்டைக் கிட்டக் காட்டிவிட்டுக் கேட்டான்: "மாமா, இந்த ஒட்டுக் காணுமோ? அம்மப்பா பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"உரஞ்சிப்போட்டுத் திரும்ப ஒட்டு எண்டு சொல்லியிருப்பார்" என்று பதில் எழுதினேன். அவன் சிரிப்புப் படம் ஒன்றை அனுப்பினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் இப்போது விருப்பத்துக்குச் செய்வதை அவனுடைய அம்மப்பா, என் ஐயா, வேறு வழியில்லாமல் இந்த மண்ணில் செய்தவர். அந்த வண்டி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

எங்களுக்குக் கண்டாவளை. ஐயாவின் கராஜ் பரந்தன் - முல்லைத்தீவு வீதிக்கு உள்ளே, ஒரு வேப்பமரமும் நாலு கப்பும் கிடுகும்தான். 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபின் பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகம், சீமெந்து என்று ஒவ்வொன்றாகத் தடைப்பட்டது. அந்தத் தடை 2002 தொடக்கத்தில் தளரும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் வடக்கின் வாகனங்கள் ஓடாமல் நிற்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடின.

அதை வாசிக்கும் இளையவர்களுக்கு எப்படி என்று சொல்லவேண்டும். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, எஞ்சின் சூடேறினால்தான் பிடிக்கும். ஆகவே ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, அதிலிருந்து மெல்லிய குழாயொன்றைக் காபரேற்றருக்குக் கொடுத்து, சில துளி பெற்றோலில் இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் கூடிய புதிய எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் இடிக்கும். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிஜ் போன்ற பழைய கார்கள் தாங்கும். இடிக்கிற எஞ்சினுக்கு ஐயா தலைப்பகுதியின் கீழே இன்னொரு கஸ்கற் வெட்டிப் போட்டு அழுத்தத்தைக் குறைப்பார். எரிதல் பற்றிய எந்தப் புத்தகத்தையும் அவர் படித்ததில்லை. காதைக் கொடுத்துக் கேட்டே கண்டுபிடித்தார். (புகை மட்டும் ஒன்றும் செய்ய முடியாதது. மொறிஸ் போனால் அரை மைலுக்குத் தெரியும்.)

1996இல் இராணுவம் பரந்தனையும் கிளிநொச்சியையும் பிடித்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து விசுவமடுப் பக்கம் இருந்தோம். அங்கேதான் அவர் அந்த வண்டியைச் செய்தார். எஞ்சின் ஒரு மொறிஸ் மைனருடையது, அச்சு ஒரு ஒஸ்ரினுடையது, கீழ்ச்சட்டம் உடைந்த உழவு இயந்திரப் பெட்டியின் இரும்பு. மின்சாரம் இல்லை. ஜெனரேற்றரை மண்ணெண்ணெயில் ஓட்டித்தான் ஒட்டவேண்டும், அதற்கும் கம்பி கிடைக்கவேண்டும். அதனால் பாரம் தாங்கும் இடங்களில் ஒட்டாமல் தகடு வைத்துப் போல்ட் போட்டார். சனம் அதற்கு வைத்த பெயர் "ஒட்டுமா". நோயாளிகளைத் தருமபுரம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றியது, பிரேதம் ஏற்றியது, ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளையையும் ஏற்றியது.

2009 ஜனவரியில் அந்த வண்டியில்தான் வெளிக்கிட்டோம். மாத்தளனுக்குக் கிட்ட எண்ணெய் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முகாமிலிருந்து விட்ட பிறகு, கைவிடப்பட்ட வாகனங்களை உரிமை காட்டி எடுக்கலாம் என்று கேள்விப்பட்டு ஐயாவும் போனார். பதிவுப் புத்தகம் கேட்டார்கள். இல்லை. அப்படியானால் செஸி இலக்கம் சொல்லுங்கள் என்றார்கள். "செஸியோ? அதை நான்தானே தம்பி வெட்டிப் பூட்டினனான்" என்றார். அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அந்தக் குவியலுக்குள் ஒட்டுமா கிடந்ததா, பழைய இரும்பாக லொறியில் ஏறிப் போனதா, தெரியாமலே 2014இல் அவர் போய்ச் சேர்ந்தார்.

இப்போது லண்டனுக்கு வருகிறேன். மருமகன் செய்யும் கார்வகைக்கு ஒரு வரலாறு உண்டு. 1957இல் கொலின் சப்மனின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற காரைக் கொண்டுவந்தது. முழுக்காராக வாங்கினால் கொள்வனவு வரி. உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டினால் வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை விளக்கும் தாளைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்று சட்டம் இருந்ததாம். அதனால் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்கள், அதைத் தலைகீழாகச் செய்துகொள் என்று. இந்தக் கதையை அங்குள்ள கார்ப் பிரியர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். 1973இல் வற் வரி வந்தபோது அந்த ஓட்டை அடைபட்டது. அதே ஆண்டில் லோட்டஸ் அந்தக் காரின் உரிமையைக் கேற்றர்ஹாம் நிறுவனத்துக்குக் கொடுத்தது, அவர்கள் இன்றும் அதை உதிரியாகவும் முழுதாகவும் விற்கிறார்கள். 1996இல் றொன் சம்பியன் என்பவர் 250 பவுணுக்குப் பந்தயக் கார் செய்வது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். மருமகனின் கூடு அந்த வழியில் வந்தது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வரிக் கதை அல்ல. அவன் காரைப் பூட்டி முடித்ததும் என்ன செய்வான் என்று கேட்டேன். சோதனைக்குக் கொண்டுபோவானாம். 2009 முதல் அங்கே தனி வாகன அங்கீகாரச் சோதனை என்று ஒன்று நடக்கிறது. பிரேக் நாலு சில்லிலும் சரியாகப் பிடிக்கிறதா, ஸ்ரியறிங் திரும்பி நேராகிறதா, இருக்கைப் பட்டி எந்த இடத்தில் பூட்டியிருக்கிறது, புகை எவ்வளவு, வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு ஆளை வெட்டுமா என்று ஒரு பரிசோதகர் தொட்டுப் பார்ப்பார். தோற்றால் காரணத்தை எழுதிக் கொடுப்பார். திருத்திக்கொண்டு திரும்பப் போகலாம். செய்தவன் பொறியியலாளனா, மரக்கறிக் கடைக்காரனா என்று கேட்பதில்லை.

இன்னொன்றும் சொன்னான். எந்த ஆண்டில் பிறந்தது, எதன் வழி வந்தது என்று நிறுவமுடியாத வண்டிகளுக்கு அங்கே 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் இலக்கத்தகடு கொடுப்பார்களாம். பல கார்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியவை அந்த வகையில் விழும். 1983 முதல் இருக்கும் நடைமுறை. கார்ப் பிரியர்களுக்கு அது கொஞ்சம் மரியாதைக் குறைவு, மருமகனும் அந்த எழுத்து வராமலிருக்கப் பற்றுச்சீட்டுகளைக் கோவைப்படுத்தி வைத்திருக்கிறான். நான் அதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தேன். ஒரு அரசு, உன் வண்டியின் பிறப்பு எனக்குத் தெரியாது, ஆனால் அது றோட்டில் ஓடத் தகுதியானது என்று எழுதிக் கொடுக்க ஒரு எழுத்தையே ஒதுக்கி வைத்திருக்கிறது.

எமது நாட்டில் ஒரு வண்டி பிறப்பது துறைமுகத்தில். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் முதற்பதிவுக்குப் போகும்போது, நடைமுறையில் சுங்கத் தாள்தான் பிறப்புச் சான்றிதழ். உள்நாட்டில் பூட்டும் வாகனங்களுக்கும் வழி உண்டு, ஆனால் அது கைத்தொழில் அமைச்சின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கானது. கொழும்பில் வேகா என்ற பெயரில் மின்சாரப் பந்தயக் கார் ஒன்றை ஒரு மென்பொருள் நிறுவனம் செய்து காட்டியது, பெருமைக்குரிய வேலை. மூலதனமும் ஆய்வுகூடமும் உள்ளவர்களால் அது முடியும். வேப்பமரத்தின் கீழ் ஒருவர் ஒரேயொரு வண்டி செய்தால் அதைப் பார்த்துச் சரி பிழை சொல்ல ஒரு மேசை இல்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவு இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கமுடியாது. காப்புறுதி கிடைக்காது. வண்டி எவ்வளவு திறமாக இருந்தாலும் றோட்டில் ஏறிய நிமிடமே குற்றம்.

இது ஏன் இப்போது பேசவேண்டிய விடயம்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் திறந்தது. இந்த ஐந்து ஆண்டுகளில் நாடு முழுவதும் பழைய வாகனங்களைத் திரும்பத் திரும்பத் திருத்தியே ஓடியது. கராஜ்காரர்கள்தான் போக்குவரத்தைத் தாங்கினார்கள். எங்களுக்கு அது புதிதல்ல, தென்னிலங்கை ஐந்து ஆண்டு படித்த பாடத்தை வன்னி பன்னிரண்டு ஆண்டு படித்திருந்தது. இப்போது இறக்குமதி திறந்த பிறகும், எஞ்சினின் அளவுக்கேற்ற உற்பத்தி வரி, அதற்கு மேல் 18 சதவீத வற் என்று ஏறி வரும் விலையில் நெல் விதைக்கிற குடும்பம் ஒரு சிறு லொறியை நினைத்தும் பார்க்கமுடியாது. கண்டாவளைக்கு இறக்குமதி திறந்ததும் ஒன்றுதான், மூடியிருந்ததும் ஒன்றுதான்.

அதே 2025 ஜனவரியில், 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு சேர்த்து, பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றும் நடவடிக்கையைப் பொலிசார் தொடங்கினார்கள். சங்கங்கள் எதிர்த்ததும் கால அவகாசம் கொடுத்தார்கள். ஆபத்தானவற்றைக் கழற்றவேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எது ஆபத்து, எது அலங்காரம், எது தேவைக்காகச் செய்த மாற்றம் என்று வீதியோரத்தில் நின்று ஒரு பொலிஸ்காரர் தீர்மானிக்கும் நிலைதான் வந்தது.

அரசின் பயத்துக்கும் காரணம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. வரியைத் தப்ப வாகனத்தைத் துண்டுகளாக இறக்கிப் பொருத்தியவர்களும், ஒரு வண்டியின் இலக்கத்தை இன்னொன்றில் அடித்தவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் வீதி விபத்தில் சாகும் நாடு இது. நான் ஐயாவின் வண்டியில் பயந்துகொண்டே போயிருக்கிறேன். ஒருமுறை பிரேக் பிடிக்காமல் வாய்க்காலுக்குள் இறங்கியது. அன்று பின்னால் இருந்த கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஒன்றும் நடக்காதது எங்கள் புண்ணியம். கைவண்ணம் என்று சொல்லி எதையும் றோட்டில் விடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. சோதித்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். போலி இலக்கம் அடிப்பவன் சோதனைக்கு வரமாட்டான். தான் செய்ததைத் தானே கொண்டுவந்து காட்டுபவனுக்குத்தான் அந்த மேசை வேண்டும்.

இதற்கு முன்மாதிரியைத் தேடி லண்டனுக்குப் போகவும் தேவையில்லை. பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட ஒரு மெக்கானிக், பல வருட வேலை அனுபவத்தைச் செய்து காட்டி, பரீட்சகர் முன் நிரூபித்து என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். ஆளின் கையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, அந்தக் கை செய்த பொருளைச் சோதிக்க ஏன் தெரியவில்லை? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பக்கத்திலேயே வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கும் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. ஒரு பிரேக் சோதனைத் தளமும், வாரத்தில் ஒருநாள் இருக்க ஒரு பரிசோதகரும் போதும். முதலில் வேகம் குறைந்த பண்ணை வண்டிகளோடு தொடங்கலாம். மாகாணசபை இயங்கினால் அதற்குள்ளும் கேட்கலாம். இப்போது எமது நாடாளுமன்ற உறுப்பினர்கள்தான் கேட்கவேண்டும், ஒருவரும் கேட்டதாக நான் அறியவில்லை.

தமிழ்நாட்டில் ஜி.டி. நாயுடு 1952இல் இரண்டு பேர் செல்லும் சிறிய கார் ஒன்றைச் செய்து, அரசு உரிமம் கொடாததால் கைவிட்டார். அவருக்கு ஆலைகள் இருந்தன, வரலாற்றில் பெயரும் மிஞ்சியது. எங்கள் ஆட்களுக்கு எழுதப்படாத கதைகள்தான் மிஞ்சுகின்றன. மண்ணெண்ணெய்க் காலத்தில் வேலை செய்த கராஜ்காரர்களில் பலர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களின் கை தெரிந்துவைத்திருப்பதை இன்னும் பத்து வருடத்தில் கேட்க ஆள் இராது.

எங்கள் பக்கத்து வளவில் ஒரு பெடியன் இருக்கிறான், வயது இருபத்திமூன்று. விபத்தில் சிக்கிய ஓட்டோ ஒன்றின் எஞ்சினை வைத்து நாலு சில்லு வண்டி ஒன்று கட்டியிருக்கிறான். யூரியூப் பார்த்துத்தான் படித்தான். ஸ்ரியறிங்கின் கோணம் பிழைத்து ரயர் தேய்ந்தபோது என்னிடம் வந்தான், ஐயாவின் பழைய நூல்பிடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன், சரிவந்தது. வயலிலிருந்து நெல்மூடையும் வைக்கோலும் ஏற்றுகிறான். மருமகனின் காணொளியைக் காட்டினேன். கனநேரம் பார்த்துவிட்டு, "அண்ணை, அங்கை இதுக்கு நம்பர் குடுப்பாங்களோ?" என்று கேட்டான். குடுப்பாங்கள் என்றேன்.

போன அறுவடையிலும் அவன் மூடைகளை வயல்பாதை முடிகிற மதகடிவரை தன் வண்டியில் கொண்டுவந்தான். அங்கே இறக்கி, கூலிக்குப் பிடித்த லாண்ட் மாஸ்டரில் ஏற்றினான். மதகுக்கு அந்தப் பக்கம் தார்றோட்டு.