கடன் என்றொரு சொல்

பெருந்தொற்றுக் காலம் நமக்குத் தந்த சொற்களில் பல, வந்த வேகத்திலேயே வழக்கொழிந்தன. 'நோயெதிர்ப்புக் கடன்' மட்டும் தங்கிவிட்டது. 2021-இல் பிரான்சின் குழந்தை மருத்துவர்கள் சிலர் தங்கள் கட்டுரையில் கையாண்ட சொல் அது. அச்சொல்லோடு நமக்கொரு வழக்கு உண்டு.

மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பார்ப்போம். ஆர்.எஸ்.வி. எனப்படும் சுவாச வைரஸ், இரண்டு வயதுக்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையேனும் தொட்டுவிடுவது. நமக்கு அது வெறும் சளி. கைக்குழந்தைக்கோ மூச்சுத் திணறல். குளிர்காலந்தோறும் வரும் இத்தொற்று, 2020-இன் குளிர்காலத்தில் அங்கே 98 விழுக்காடு குறைந்தது. பள்ளிகள் மீண்டும் திறந்த பிறகும் அது தலைகாட்டவில்லை. எல்லைகள் மூடியே இருந்தன. பிறகு அவ்வாண்டின் இறுதியில், அங்கே கோடை தொடங்கும் வேளையில், வழக்கமான குளிர்கால உச்சத்தையும் மிஞ்சிக்கொண்டு திரும்பிற்று. நோயுற்ற குழந்தைகளின் இடைநிலை வயது 18 மாதங்களைத் தாண்டியிருந்தது. முன்பெல்லாம் அது ஓராண்டை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும்.

காரணம் எளிது. ஒரு பருவம் தவறியதால் வைரஸையே அறியாத குழந்தைகள் எண்ணிக்கையில் பெருகிவிட்டார்கள். இது ஊர்க்கணக்கு. 'கடன்' என்ற சொல்லோ அதை ஒவ்வொரு குழந்தையின் உடற்கணக்காக மாற்றிவிடுகிறது: வீட்டுக்குள் வளர்ந்த பிள்ளை பலவீனப்பட்டுவிட்டது, காய்ச்சலாய்ச் செலுத்தித்தான் அது மீள வேண்டும் என்பதுபோல. நோயெதிர்ப்பு ஆற்றல், பழகாவிட்டால் மெலிந்துபோகும் தசை அன்று. மூச்சுக்குழல் மிகக் குறுகலாயிருக்கும் முதல் ஆறு மாதங்களே ஆர்.எஸ்.வி.யால் பேராபத்து நேரும் காலம். அதைக் கடந்து ஒன்றரை வயதில் வைரஸைச் சந்தித்த குழந்தை எதையும் இழந்துவிடவில்லை. தப்பித்தது என்றே சொல்வோம். தவிரவும், கடன் என்றால் கொடுத்தவர் ஒருவர் வேண்டுமே! வைரஸ் நமக்கு என்ன கொடுத்து வைத்திருந்தது? இன்ஃபுளுயன்சா பி-யின் யமகாட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பின் உறுதியாக எங்கும் கண்டறியப்படவேயில்லை. வசூலுக்கே வராத கடன்காரர் போலும்.

நோயை உருவகமாக்குவதன் தீங்கைப் பற்றி சூசன் சொண்டாக் 1978-லேயே ஒரு நூல் எழுதினார். நாம் இன்னும் திருந்தியபாடில்லை.

கடன் என்றே சொல்லியாக வேண்டுமெனில் அது தடுப்பூசிக் கணக்கில் இருக்கிறது. 2021-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 2.5 கோடிக் குழந்தைகள் தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசியில் ஒரு தவணையையேனும் தவறவிட்டார்கள். தட்டம்மைத் தடுப்பூசியிலும் அப்படியே பின்னடைவு. தட்டம்மையோ, உடல் முன்பு சேர்த்துவைத்த எதிர்ப்பு நினைவுகளையே அழிக்கவல்லது என்று 2019-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நோய் வந்து போனால் பிள்ளைக்கு உரமேறும் என்று இன்றும் ஆறுதல் சொல்லித் திரிபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது அவ்வாய்வுகளைத்தான்.