டவரைப் பார்த்துப் பயமா? அளந்து காட்டுங்கள், ஐயா!

ஓசூரில் ஏதாவது ஒரு தெருவில், மொட்டை மாடியில் டவர் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினால் போதும். மறுநாளே தெரு கூடிவிடும். "புற்றுநோய் வரும்", "கர்ப்பிணிக்கு ஆகாது", "குருவியெல்லாம் செத்துப்போகும்" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மாடி வீட்டுக்காரருக்கு மாதம் பிறந்தால் வாடகை. எதிர்வீட்டுக்காரருக்கு மாதம் பூராவும் பயம்!

விவரம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிப்பது தப்பு. பயம் சும்மா வருவதில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் வாய் மூடி இருந்தால், அந்த இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த வட்டாரத்திலேயே பார்த்தாயிற்று.

2020 மே 20. கொரோனா ஊரடங்கு நேரம். பகல் ஒன்றரை மணி சுமாருக்கு பெங்களூரில் ஒரு பயங்கரச் சத்தம். ஜன்னல்கள் கிடுகிடுத்தன. எலெக்ட்ரானிக் சிட்டி, ஹெப்பகோடி என்று நம்ம ஊர்க்காரர்கள் பஸ் பிடித்து வேலைக்குப் போகிற இடங்களிலும் கேட்டது. பூகம்பமா? எங்காவது பாய்லர் வெடித்ததா? செல்போனில் புரளி பறந்தது. பூகம்பக் கருவியிலோ ஒன்றும் பதிவாகவில்லை. சில மணி நேரம் கழித்துத்தான் பாதுகாப்புத் துறை வாய் திறந்தது. விமானப் படையின் சோதனை விமானம் ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்துவிட்டு, 36 ஆயிரம் முதல் 40 ஆயிரம் அடி உயரத்தில் வேகத்தைக் குறைத்தபோது எழுந்த சத்தமாம் அது. 65 முதல் 80 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் காதிலும் விழுமாம். அவ்வளவுதான் விஷயம்! இதைக் காலையிலேயே ஒரு வரி சொல்லியிருந்தால் யார் பயந்திருப்பார்கள்?

இன்னொன்று இதைவிட மோசம். கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி போகும் வழியில் நாட்றம்பள்ளி. 2016 பிப்ரவரி 6-ல் அங்கே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்தது. பஸ் டிரைவர் ஒருவர் பலியானார். தரையில் பள்ளம். விண்கல் விழுந்தது என்று முதல்வர் ஜெயலலிதாவே மறுநாள் அறிவித்து, குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் தரச் சொன்னார். அமெரிக்காவின் நாசாவோ, படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு மாதிரி இருக்கிறதே என்றது. விண்கல் என்பாரும் வெடிமருந்து என்பாரும் இன்றும் உண்டு.

சரி, டவருக்கு வருவோம். டவர் அலை எக்ஸ்ரே மாதிரி உடம்பின் அணுக்களை உடைக்கிற ஜாதி இல்லை. பலமாகப் பட்டால் சூடேற்றும். தள்ளிப் போகப் போக மளமளவென்று குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2011 மே மாதம் இந்த அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கலாம்' என்ற சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. பயந்தவர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். அதே உலக சுகாதார நிறுவனம் கேட்டு நடந்த பெரிய ஆய்வு 2024-ல் வந்தது. செல்போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. அது யார் காதிலும் விழவில்லை!

மத்திய அரசும் சும்மா இருக்கவில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் டவர் அலைக்கான வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு நாலரை வாட் என்று இருந்தது, 0.45 வாட் ஆயிற்று.

இதெல்லாம் தெருவுக்குத் தெரியுமா? தெரியாது. தெருவுக்குத் தெரிந்தது 2018-ல் வந்த '2.0' படம். பறவைகளெல்லாம் செத்துவிழும் படம்! 2021-ல் கொரோனாவுக்கே 5ஜிதான் காரணம் என்றார்கள். நாட்டில் 5ஜி சேவை தொடங்கியதே 2022 அக்டோபரில்தான்! அதற்கும் முன்னால், 2020-ல், செல்போன் கதிர்வீச்சைக் குறைக்கும் என்று மாட்டுச் சாணத்தில் ஒரு 'சிப்' வந்தது. பயம் இருக்கிற இடத்தில் கடை விரிப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. டவர் வேண்டாம் என்று விரட்டிவிட்டால் சிக்னல் குறையும். சிக்னல் குறைந்தால் கையில் இருக்கிற போன் தம் கட்டி அலையைக் கூட்டும். தெருக்கோடி டவரைவிட, காதோடு ஒட்டிய போன்தான் தலைக்குப் பக்கம்! ஜூஜூவாடி தாண்டும்போது தமிழ்நாட்டு டவரா, கர்நாடக டவரா என்று போன் தவிக்குமே, அந்த நேரத்தில் பேசாமல் இருப்பது பேட்டரிக்கும் நல்லது.

போன் கணக்கையாவது காசில்லாமல் பார்க்கலாம். ஸ்டார், ஹாஷ், 07, ஹாஷ் என்று அழுத்தினால் பல போன்களில் அளவு வரும். கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. டவருக்கு? 2017-ல் மத்திய அரசு 'தரங் சஞ்சார்' என்று ஒரு இணையதளம் தொடங்கியது. பக்கத்து டவர் விதிக்கு உட்பட்டதா என்று அதில் பார்க்கலாம். நல்ல காரியம்தான். ஆனால் வீட்டு வாசலுக்குக் கருவியோடு வந்து அளக்க வேண்டுமானால் 4,000 ரூபாய் கட்டு என்றார்கள்! சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன், ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிறவன், டவர் வாடகையில் ஒரு பைசா காணாதவன், பயத்தைத் தீர்த்துக்கொள்ள 4,000 கட்ட வேண்டுமாம். என்ன நியாயம்?

ஓசூர் 2019-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. டவர் நிற்கிற ஒவ்வொரு தெருவிலும் காசு வாங்காமல் அளக்கச் செய்யலாம். அளந்த தேதி, வந்த அளவு, விதித்த வரம்பு மூன்றையும் பலகையில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதி டவர் கட்டடத்து வாசலில் மாட்டலாம். செலவை டவர் கம்பெனிக்காரர்களிடம் வாங்கட்டும். வரம்பை மீறிய டவர் இருந்தால் அதுவும் அந்தப் பலகையிலேயே தெரிந்துவிடும்.