‘அங்க யாருக்குத் தெரியும்?’ என்று கேட்கும் சொந்தங்களுக்கு

காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, குமராட்சிப் பக்கத்துச் சொந்தங்களே,

பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்த வீடுகளிலிருந்து பாரிஸ் புறநகரில் இருக்கும் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் ஒரே கேள்வி ஓயாமல் வருகிறது. “பொண்ணு பேர்ல ஊர்ல இருக்கிற பேங்க் கணக்கை அப்படியே விட்டுடலாம்ல? அங்க யாருக்குத் தெரியும்?” கெட்ட எண்ணத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. பவுனும் சீரும் பேச ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் உட்காருகிறீர்கள். போகிற நாட்டில் அவள் பெயரில் என்ன வரி, என்ன சலுகை, நாளைக்கு என்ன பென்ஷன் என்று அந்தச் சபையில் ஒருவர்கூட வாய் திறப்பதில்லை.

பிரான்சில் கல்யாணமானவர்களுக்கு ஒரே வரி அறிக்கைதான். கல்யாணம் நடந்த ஆண்டுக்கு மட்டும் தனித்தனியாகக் கொடுக்கலாம். அதன்பின் இருவர் வருமானத்தையும் கூட்டி, இரண்டு பங்காகப் பிரித்து வரி போடுகிறார்கள். முதல் இரண்டு பிள்ளைகளுக்குத் தலா அரைப் பங்கு, மூன்றாவது பிள்ளைக்கு முழுப் பங்கு. அப்படியென்றால், வேலைக்கே போகாத மனைவி வந்து சேர்ந்தாலும் கணவனின் வரி குறைகிறது. நம் பெண் வெறுங்கையோடு போகவில்லை, வரிக் கணக்கிலேயே ஒரு பங்கோடு போகிறாள். இதை அவளுக்குச் சொல்லி அனுப்பியவர்கள் எத்தனை பேர்? அதே சட்டம், கட்ட வேண்டிய வரிக்கு இருவரையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது. அறிக்கையில் இருவர் பெயரும் இருக்கும். மனைவி மறைத்தது கணவன் தலையிலும், கணவன் மறைத்தது மனைவி தலையிலும் விடியும்.

இப்போது அந்த வங்கிக் கணக்குக்கு வருகிறேன். பிரான்சில் குடியிருப்பவர் வெளிநாட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு கணக்கையும் ஆண்டுதோறும் வரி அறிக்கையோடு 3916 என்ற படிவத்தில் எழுதித் தர வேண்டும். அந்த ஆண்டில் திறந்தது, மூடியது, பயன்படுத்தியது, சும்மா கிடப்பது எல்லாமே அதில் சேரும். எழுதாமல் விட்டால் ஒரு கணக்குக்கு, ஓர் ஆண்டுக்கு, 1,500 யூரோ அபராதம். “அதுல மூவாயிரம் ரூபாய்தானே கெடக்கு” என்பீர்கள். அபராதம் இருப்பைப் பார்த்துப் போடுவதில்லை. கணக்கு எண்ணிக்கையைப் பார்த்துப் போடுவது. மூவாயிரம் ரூபாய்க்காக லட்ச ரூபாய்க்கு மேல் கட்ட நேரும். இந்தியாவும் பிரான்சும் 2017 முதல் வங்கி விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. வெளிநாட்டில் இருப்பதை வங்கியிடம் சொல்லாதவரை விவரம் போகாது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லும் நாளில் அவள் பொய்யான முகவரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் அந்தச் சமாதானத்தின் அர்த்தம். கணக்கை அப்படியே விடுவதை நம் நாட்டு அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவும் அனுமதிப்பதில்லை. வெளிநாட்டில் குடியேறியவரின் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியே ஆக வேண்டும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் பிரான்சிலும் இல்லை என்று நினைப்பதும் தவறு. பிரான்சில் குடியிருப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் பிரான்சில் காட்ட வேண்டும். ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி விழாமலிருக்க இரு நாடுகளும் 1992-லேயே ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. காட்டியவருக்குத்தான் அந்த ஒப்பந்தம் உதவும்.

இதைவிடப் பெரிய விஷயம் கல்யாணப் பதிவு. சொல்தா (பிரெஞ்சுச் சிப்பாய்) வீடு என்றால் பென்ஷன் வரும் வீடு என்று நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962-ல் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களின் பேரன்கள்தான் இன்றைய மாப்பிள்ளைகளில் பலர். கணவன் இறந்தபின் அவர் பென்ஷனில் ஒரு பகுதி மனைவிக்கு வரும். அரசு வேலையிலோ ராணுவத்திலோ இருந்தவர் என்றால் பாதி. தனியார் வேலையில் இருந்தவர் என்றால், மனைவிக்கு 55 வயதானபின், வருமான வரம்புக்கு உட்பட்டு, அடிப்படைப் பென்ஷனில் 54 சதவீதம் வரை. சேர்ந்து வாழ்ந்தோம் என்பது இதற்குச் செல்லாது, சட்டப்படி கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். மண்டபத்து ஆல்பமும் சாட்சி ஆகாது. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். பிறகு பிரெஞ்சுப் பதிவேட்டிலும் அது ஏற வேண்டும். ஏறாதவரை பிரான்சில் எந்த அலுவலகத்திடமும் அந்தக் கல்யாணத்தைக் காட்டி உரிமை கேட்க முடியாது. அதற்கு மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே புதுச்சேரித் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்து, அறிவிப்புப் பலகையில் பத்து நாள் ஒட்டி, திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அது இல்லாமல் தாலி கட்டிவிட்டுப் போனால், பதிவேட்டில் ஏற்றும் முன் இருவரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கல்யாணத்தைச் சொல்லாமல் விட்டால் மாப்பிள்ளைக்கு வரும் குடும்ப உதவித்தொகை குறையாது என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். கொடுத்த பணத்தை அரசாங்கம் பின்னால் திருப்பி வாங்கிக்கொள்ளும். அதுவரை உங்கள் பெண் காகிதத்தில் யாருமில்லாதவளாக இங்கே இருப்பாள்.

பிரான்சுக்கு வந்துவிட்ட எங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். அறுவடைக்கும் வர முடிவதில்லை, சாவுக்கும் வர முடிவதில்லை. விட்டுவிட்டு வந்தோமே என்ற உறுத்தல் உள்ளே இருப்பதால், அப்பா கணக்கை மாற்ற வேண்டாம் என்றால் சரி என்கிறோம். ஏடிஎம் கார்டு அவர் கையில் இருக்கட்டும், நகைக்கடன் வட்டிக்கு உதவும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த உதவி நிற்கத் தேவையே இல்லை. என்ஆர்ஓ, என்ஆர்இ கணக்குகளில் ஊரிலிருக்கும் நெருங்கிய உறவினரைக் கூட்டாகச் சேர்க்கலாம். பவர் எழுதிக் கொடுத்தால் அப்பாவே பணம் எடுக்கலாம். வரியைப் பொறுத்தவரை, இங்கே சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். அந்த வரியில்தான் பிள்ளைகளின் பள்ளி நடக்கிறது. அதைக் கட்டி நிமிர்ந்து வாழ்வதில் எங்களுக்குப் பெருமை இருக்கிறது. எங்களைக் கணக்கை ஒளித்து வாழும்படி செய்யாதீர்கள்.

நிச்சயம் முடித்துக் காத்திருக்கும் வீடுகள், பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று மாப்பிள்ளை வீட்டில் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஏற்கெனவே பெண்ணை அனுப்பிவிட்டவர்கள், அவள் பெயரில் நம் ஊரிலோ சிதம்பரத்திலோ எத்தனை பாஸ்புக் இருக்கிறது என்று பீரோவைத் திறந்து பார்த்து, கணக்கு எண்களை அவளுக்கு அனுப்பிவிடுங்கள். வசந்தகாலத்தில் வரி அறிக்கை கொடுக்கும்போது அவள் அவற்றை எழுத வேண்டும்.

அன்புடன்,
பாரிஸ் புறநகரிலிருந்து உங்கள் ஊர்ப் பெண்