மழைக்கு முன் கையெழுத்து

தோழர்களே,

நம் கட்டடத்தில் மூன்றாம் மாடிப் படிக்கட்டுக்கு மேலே காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. விடியற்காலை என்பதால் தலை தப்பியது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஏறிவரும் நேரமாக இருந்திருந்தால்? துருப்பிடித்த கம்பி பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது, போய்ப் பாருங்கள். கீழே மீட்டர் பெட்டிக்கு மூடி இல்லை. சாரல் அடித்தால் நேரே அதன்மேல்தான். வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது.

ஹவுஸ் ஓனரிடம் நேரில் சொன்னோம், போனில் சொன்னோம், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினோம். அவர் பதில் நமக்கு மனப்பாடம்: "பிடிக்கலன்னா காலி பண்ணிக்கோங்க." அதை அவர் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகச் சொல்கிறார், தனியாகக் கேட்பதால்தான் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். அட்வான்ஸ் அவர் கையில். பிள்ளைகளின் பள்ளி இங்கே. பயம் நியாயமானதுதான். அத்தனை வீடும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் யாரைக் காலி செய்யச் சொல்வார்?

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் அரசு வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் சரிந்தது. 24 வீடுகள். உயிர்ச்சேதம் இல்லை, ஏனென்றால் விரிசலைக் கண்டு பதறிய குடியிருப்புவாசிகள் முன்பே வெளியேறியிருந்தார்கள். உயிர் மிஞ்சியது, சட்டி பானை, துணிமணி எல்லாம் இடிபாட்டில். நாம் அந்த நாள்வரை காத்திருக்கப் போகிறோமா?

நாம் கேட்பது சலுகை அல்ல. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், கட்டடத்தின் கட்டுமானப் பழுதையும் மின் வயரிங்கையும் தண்ணீர்க் குழாயையும் ஓனர் தலையில்தான் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சில்லறை வேலைகள் நம்முடையவை; அதை நாம் மறுக்கவில்லை. மோட்டாரை நிறுத்துவேன், கரண்டைப் பிடுங்குவேன் என்று மிரட்டுவதற்கும் அதே சட்டம் தடை போடுகிறது.

வாடகையைக் கொடுக்காமல் நிறுத்திவிடலாம் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். கோபம் புரிகிறது, ஆனால் வேண்டாம். இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் நம்மை வெளியேற்ற அவருக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்தவர்களாவோம். வாடகையை வங்கி வழியாகவே போடுங்கள், கையில் கொடுக்காதீர்கள். வாங்க மறுத்தால் மணியார்டர். அதையும் திருப்பினால் அதே சட்டத்தின் கீழுள்ள வாடகை அதிகாரியிடம் கட்ட வழி இருக்கிறது. இன்னொன்று, அக்ரிமென்ட் பதிவாகாத வீடுகள்தான் நம்மில் அதிகம். பதிவு செய்து தரச் சொல்வதும் நம் கோரிக்கையில் சேரட்டும்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கூடுகிறோம். மொட்டை மாடியில் அல்ல. அந்தத் தளத்தின் மேல் அத்தனை பேர் நிற்க எனக்குத் துணிவில்லை. தெருமுனை டீக்கடை எதிரே. வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். பெண்கள் கட்டாயம் வர வேண்டும், பகல் முழுக்க இந்தக் கூரைக்குக் கீழே இருப்பவர்கள் நீங்கள்தான். விரிசல், கசிவு, வயர் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து வாருங்கள். வாடகை கட்டிய ரசீது எதுவானாலும் எடுத்து வாருங்கள்.

மனு அங்கேயே எழுதப்படும். ஒரு பிரதி ஓனருக்கு, ஒப்புகையோடு தபாலில். ஒன்று வாடகை அதிகாரிக்கு, ஒன்று மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு, மீட்டர் பெட்டிக்காக ஒன்று மின்வாரியத்துக்கு. திங்கள் காலை தபாலில் சேர்க்க இரண்டு பேர் வேண்டும், ஞாயிறன்றே பெயர் கொடுங்கள். அதுவரை பிள்ளைகளை அந்தப் படிக்கட்டில் விளையாட விடாதீர்கள்.